மூண்டரை வீட்டுக்கு ஒரு உயிர்

"ஒரு கரைச்சலும் தராத உயிர் ஒண்டு தாங்கோ" எண்டு கேட்டு வாற சனத்துக்கு முகம் கோணாமல் பதில் சொல்லுறதுதான் செல்லப்பிராணிக் கடையிலை நிக்கிறவன்ரை தொழில். கவுண்டருக்குப் பின்னாலை நிண்டு நிண்டு கால் வீங்கின சகோதரங்களே, உங்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. செருப்புக் கடையிலை நிக்கிறவனிட்டை "நடந்தால் தேயாத செருப்பு இருக்கோ" எண்டு ஆரும் கேப்பினமோ? சரி, கேட்டாலும் கேப்பினம்.

என்ரை பேர் அலோசியஸ். வேலை லவால் எண்ட, பிரெஞ்சு கதைக்கிற ஊரிலை, பெரிய ஷொப்பிங் சென்ரர் ஒண்டுக்குள்ளை. மீன், குருவி, முயல், ஆமை எல்லாம் விப்பம். நாய் விக்கிறேல்லை. பூனை மட்டும் காப்பகத்திலையிருந்து வந்து, ஆரும் கூட்டிக்கொண்டு போற வரைக்கும் கடையின்ரை பின்பக்கத்திலை இருக்கும். நான் இருக்கிறது கோட்-டெ-நெய்ஜிலை, மூண்டரை வீட்டிலை. இந்த ஊரிலை வீட்டை அறைக் கணக்கிலைதான் சொல்லுவினம், குளியலறையை அரை எண்டு எண்ணுவினம். அதாலை மூண்டரை எண்டதும் பெரிசா நினைச்சுப்போடாதேங்கோ, குசினியிலை ஒருத்தர் தும்மினால் படுக்கையறையிலை இருக்கிறவர் மூக்கைத் துடைக்கலாம்.

மனுசி கிளாறாவுக்கு ஆஸ்பத்திரியிலை பின்னேர வேலை. அவா வெளிக்கிட்டுப் போன பிறகுதான் எங்கடை பன்னிரண்டு வயசு மகள் அனிற்றா பள்ளிக்கூடத்தாலை வருவாள். தானே கதவைத் திறந்து, தானே சோத்தைச் சூடாக்கி, தானே இருந்து தின்னுவாள். நான் மெட்ரோவும் பஸ்சும் பிடிச்சு வந்துசேர இருட்டிப்போடும். "அப்பா, வீட்டிலை இன்னொரு உயிர் இருந்தால் நல்லா இருக்கும்" எண்டு பிள்ளை கேக்கத் தொடங்கி ஒரு வருசத்துக்கு மேலையாச்சு. ஊருக்கெல்லாம் பிராணி தெரிஞ்சு குடுக்கிற நான், என்ரை வீட்டுக்கு ஒண்டைத் தெரிஞ்செடுக்க மாட்டாமல் முழுசிக்கொண்டு திரிஞ்சன். அந்த வெக்கக்கேட்டைத்தான் இப்ப சொல்லப்போறன்.

வேலைக்குச் சேர்ந்த லட்சணம்

முந்தி நான் ஒரு தொழிற்சாலையிலை பெட்டி கட்டினவன். அதை மூடிப்போட்டாங்கள். பேந்து இந்தக் கடையிலை ஆள் தேவையாம் எண்டு அறிஞ்சு போனன். மனேச்சர் ஜினெத், இந்த ஊர்ப் பொம்பிளை, "மிருகங்களிலை விருப்பமோ?" எண்டு கேட்டா. "ஓம், சரியான விருப்பம்" எண்டன். எந்த மாதிரி விருப்பம் எண்டு அவாவும் கேக்கேல்லை, கறியைப் பற்றி நானும் வாய் திறக்கேல்லை.

முதல் நாளே கினிப் பன்றி ஒண்டைத் தூக்கி என்ரை கையிலை தந்திட்டா. ரண்டு கைக்குள்ளை அடங்கிற சாமான். நான் எண்டால் கையை நீட்டிப் பிடிச்சுக்கொண்டு, முகத்தை மற்றப்பக்கம் திருப்பி, கண்ணை மூடி "மாதாவே, மாதாவே" எண்டு முணுமுணுத்துக்கொண்டு நிண்டன். ஜினெத் என்னையும் பாத்தா, அதையும் பாத்தா. சிரிப்பை அடக்கிக்கொண்டு பிரெஞ்சிலை சொன்னா: "பயப்படாதை அலோ, அதுவும் உன்னைப் போலை கண்ணை மூடிச் செபம்தான் பண்ணுது."

சுத்த சைவம்

பியர்பொன்ட்ஸ் எண்ட பக்கத்திலையிருந்து ஒரு புருசன் பெண்சாதி வந்திச்சினம். தமிழ்நாட்டு ஆக்கள், ரண்டு பேரும் எஞ்சினியர்மார். என்னைத் தமிழன் எண்டு கண்டதும் அவருக்குச் சரியான சந்தோசம். "சார், நாங்க ரெண்டு பேரும் காலைல ஏழு மணிக்கு ட்ரெயின் பிடிச்சா ராத்திரிதான் வருவோம். பையன் ஒரு பெட் வேணும்னு உயிரை எடுக்கறான். ஆனா ஒண்ணு, வீட்டுக்குள்ள நான்வெஜ் வரவே கூடாது" எண்டார். பூனை இறைச்சி தின்னும். ஆமைக்கு றால் பொடி. பாம்பைக் காட்டவே நான் பயந்திட்டன். என்ரை கண்ணிலை பட்டது முயல். "வைக்கோலும் கீரையும் மட்டும்தான் தின்னும், உங்களை விடச் சைவம்" எண்டு நான் புழுகத் தொடங்கினன்.

அவைக்கும் பிடிச்சுப்போச்சு. கூடு பாத்து, கூட்டின்ரை நிறமும் பாத்தாச்சு. அங்கை நிப்பாட்டியிருக்கலாம், கண்டியளோ. எனக்கு வாய் சும்மா கிடக்குமே? படிச்சதைக் காட்ட வேணும் எண்ட விசர் பிடிச்சு, "இன்னொரு விசயம் சார், முயல் தன்ரை புழுக்கையையும் திருப்பித் தின்னும், அது அதின்ரை உடம்புக்கு நல்லது, நீங்கள் தடுக்கக் கூடாது" எண்டு சொல்லிப்போட்டன். அவர் கூட்டை மெல்லமாய்க் கீழை வைச்சார். அந்த அம்மா புருசன்ரை கையைப் பிடிச்சு இழுத்துக்கொண்டு சொன்னா: "ஏங்க, பேசாம ஒரு துளசிச் செடி வாங்கிட்டுப் போயிடலாம்."

தமிழ் கதைக்கிற குருவி

ரண்டு வேலை செய்யிற யாழ்ப்பாணத்துத் தம்பி ஒருத்தர். விடிய பேக்கரி, பின்னேரம் ரெஸ்ரோறன்ற். நிலக்கீழ் அறையிலை தனிய இருக்கிறார். "அண்ணை, வீட்டை போனால் 'வாங்கோ, சாப்பிட்டியளோ' எண்டு கேக்க ஒண்டு வேணும். கலியாணம் இப்போதைக்குச் சரிவராது, ஒரு கிளி தாங்கோ" எண்டு கேட்டார். பாவமாய் இருந்தது. சின்னக் கிளி ஒண்டைத் தெரிஞ்சு குடுத்து, "நீங்கள் வீட்டிலை என்ன கதைக்கிறியளோ அதைத்தான் இது பழகும், ஒவ்வொரு நாளும் வடிவாய்க் கதையுங்கோ" எண்டு பிரசங்கமும் வைச்சு அனுப்பினன்.

கொஞ்ச நாளாலை கண்ணுக்குக் கீழை கறுவளையத்தோடை வந்து நிக்கிறார். கதைக்கச் சொன்னனான்தான். ஆனால் அந்த மனுசன் வீட்டிலை இருக்கிறதே நித்திரை கொள்ளத்தானே? அவர் வீட்டிலை ஒவ்வொரு நாளும் தவறாமல் கேக்கிற சத்தம் ஒண்டே ஒண்டுதான், அவரின்ரை போனிலை அடிக்கிற அலாரம். கெட்டிக்காரக் கிளி, அதை அச்சொட்டாய்ப் பழகிப்போட்டுது. நான் தலையைச் சொறிஞ்சுகொண்டு நிக்க, அவர் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டார்: "லீவு நாளிலை உந்தக் கிளியை நிப்பாட்ட எங்கையண்ணை அமத்திறது?"

பட்டினி கிடக்காத மீன்

உதுகளையெல்லாம் பாத்துக் களைச்சு, கடைசியிலை என்ரை வீட்டுக்கு ஃபைட்டர் மீன் ஒண்டு கொண்டுபோனன். நீலமும் சிவப்புமாய் நல்ல வடிவான மீன். இடம் தேவையில்லை, சத்தமில்லை, வெளியிலை கூட்டிக்கொண்டு போற வேலையில்லை. மகளுக்குப் பெரிய புழுகமோ சந்தோசமோ இல்லை. எண்டாலும் அதுக்கு ஒரு பேர் வைச்சு, பள்ளிக்கூடத்தாலை வந்ததும் அதுக்குப் பக்கத்திலை இருந்துதான் சாப்பிடுவாளாம்.

மீன் கொஞ்ச நாளிலை மிதந்திட்டுது. தண்ணி பிழையோ, குளிர் பிழையோ எண்டு நான் நிபுணர் கணக்காய் யோசிச்சன். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போறதுக்கு முன்னாலை மூண்டு பேரும் ஒண்டாய்த் தேத்தண்ணி குடிக்கேக்கைதான் விசயம் வெளிச்சது. கிளாறா வேலைக்குப் போக முதல் "பாவம், பசிச்சிருக்கும்" எண்டு போட்டிருக்கிறா. மகள் வந்து, தான் தின்னேக்கை அதுக்கும் போட்டிருக்கிறாள். நான் இரவு வந்து, மகள் படுத்த பிறகு, "இண்டைக்கு ஆரும் குடுத்திருக்க மாட்டினம்" எண்டு அள்ளிக் கொட்டியிருக்கிறன். ஒருத்தரை ஒருத்தர் கேக்கிறதுக்கு மூண்டு பேரும் ஒண்டாய் இருந்தால்தானே! கடையிலை எத்தினை பேருக்கு "மீனுக்கு அளவுக்கு மிஞ்சிப் போடாதேங்கோ" எண்டு சொன்னவன் நான். கிளாறா தேத்தண்ணிக் கோப்பையை வைச்சிட்டுச் சொன்னா: "ஒருத்தரை ஒருத்தர் காணாத வீட்டிலை, அன்பாலை செத்தது இந்த மீன் ஒண்டுதான்."

நத்தை

பேந்து ஒரு தண்ணி நத்தை கொண்டுபோனன். சாப்பாட்டுக் கரைச்சல் இல்லை, கண்ணாடியிலை இருக்கிற பாசியைத் தின்னும். இதைவிட எங்கடை வீட்டுக்குத் தோதான சீவன் உலகத்திலை இல்லை எண்டு கிளாறாவுக்கு ஒரு மணித்தியாலம் விளக்கம் குடுத்தன். மகள் தன்ரை நாடியிலை கையை ஊண்டிக்கொண்டு அதைக் கன நேரம் பாத்துக்கொண்டிருந்தாள். நத்தை அசையேல்லை. பிள்ளை கேட்டாள்: "அப்பா, இது உயிரோடை இருக்குதோ எண்டு பாக்கவே வேறை ஒரு ஆள் வேணுமே?"

பூனைக்கு வக்காலத்து

இஞ்சத்தைப் பள்ளிக்கூடங்களிலை இடைக்கிடை வாத்திமாருக்கு மட்டும் வேலை, பிள்ளையளுக்கு லீவு எண்டு ஒரு நாள் வரும். தகப்பன் தாய் தலையிலை கை வைக்கிற நாள் அது. அப்பிடி ஒரு நாள் கிளாறாவுக்கும் விடிய வேலை விழுந்திட்டுது. நான் ஜினெத்திட்டைக் கேட்டுப்போட்டு அனிற்றாவைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனன். அவள் பின்பக்கம் போய், வயசுபோன சாம்பல் நிறப் பூனை ஒண்டுக்குப் பக்கத்திலை குந்தினவள்தான், எழும்பேல்லை.

மத்தியானம் போலை யூனிவர்சிற்றியிலை படிக்கிற பெட்டைப்பிள்ளை ஒண்டு வந்து அந்தப் பூனையைக் கேட்டாள். சின்ன அறையாம், வகுப்பும் வேலையுமாய் நாள் போயிடுமாம். என்ரை வக்கீல் வேலை தொடங்கிச்சுது. "விடிய கதவைப் பூட்டிக்கொண்டு போனால் எப்ப வருவியள்? அதுவரைக்கும் அது என்ன செய்யும்? யன்னலடியிலை இருந்து ரோட்டைப் பாக்கும். ஒரு சத்தம் கேட்டால் கதவடிக்கு ஓடும். வாறது நீங்கள் இல்லை. திரும்பிப் போய் இருக்கும். வாய் பேசாத சீவன், தன்ரை கவலையை ஆரிட்டைச் சொல்லும்?" எண்டு பிரெஞ்சிலை உருகி உருகிச் சொன்னன். அந்தப் பிள்ளைக்குக் கண் கலங்கிப்போச்சு. "வேண்டாம், பாவம்" எண்டு சொல்லிப்போட்டுப் போயிட்டாள். ஜினெத் பெருமூச்சு விட்டா. நான் எதையோ வெட்டி விழுத்தினவன் மாதிரி மகளைத் திரும்பிப் பாத்தன்.

அவள் அவ்வளவத்தையும் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள். கோபம் வந்தால் அவள் பிரெஞ்சுக்கு மாறுறவள். அண்டைக்குத் தமிழிலைதான் கேட்டாள், சத்தம் கூடப் போடேல்லை. "அப்ப எங்கடை வீட்டுக்கும் இதைக் கொண்டுபோக மாட்டியளோ அப்பா?" எண்டாள். "என்னெண்டு பிள்ளை? நாங்கள் ரண்டு பேரும் வேலைக்குப் போயிடுவம். அது தனிய இருக்கும், பாவமெல்லோ" எண்டன். பூனையின்ரை முதுகைத் தடவிக்கொண்டே, என்னை நிமிந்தும் பாக்காமல் கேட்டாள்: "பூனையெண்டால் மட்டுந்தானோ அப்பா பாவம்?"

அண்டைக்கே கடை பூட்ட முதல் ஜினெத்திட்டைப் போய், விடிய வந்து கடை திறந்து மீன் தொட்டி கழுவிற வேலையை எனக்குத் தாங்கோ எண்டு கேட்டன். குளிருக்கை ஆரும் விரும்பாத வேலை அது. அவா காரணம் கேக்காமல் தந்திட்டா. இப்ப மகள் வர முதலே நான் வீட்டை போயிடுவன். பூனையும் வந்திட்டுது. ஆனால் ஆர் வந்தாலும் அது கதிரையை விட்டு எழும்பாது, கதவு திறக்கிறது நான்தான்.

சின்ன வீட்டுக்கும் ஓயாத வேலைக்கும் தோதான பிராணி எது எண்டு ஆரும் கேட்டால் இப்பவும் எனக்குச் சரியாய்ச் சொல்லத் தெரியாது, ஆனால் பிள்ளை பள்ளிக்கூடத்தாலை வரேக்கை வீட்டிலை நிக்கிற, போட்டதைத் தின்னுற, பெரிசாய்க் கடிக்காத தகப்பன் ஒருத்தனை மூண்டரைக்குள்ளையும் தாராளமாய் வளக்கலாம்.