நான்கு வரித் தையல்

கொடி தைக்கும் தையல்காரருக்கு அந்தத் தெருவில் 'நூல்' என்று பட்டப்பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்லமாட்டார்கள். முதுகுக்குப் பின்னால் சொல்லாதவர் கிடையாது. உடை, பேச்சு, ஓட்டு எல்லாவற்றிலும் நூல் பிடித்தாற்போல நடப்பவர். முப்பது வருடமாக ஒரே கட்சிக்குத்தான் ஓட்டு. அரசாங்கம் ரோடு போட வேண்டும், திருடனைப் பிடிக்க வேண்டும், அதற்குமேல் யார் வீட்டுக் கதவையும் தட்டக்கூடாது என்பது அவர் கொள்கை. நாட்டைப் பற்றிப் பேசினால் மட்டும் குரல் தழுதழுக்கும். கேட்டுக் கேட்டு அவர் மனைவிக்குக் காது புளித்துப் போயிருந்தது. ஆனாலும் அந்த மனிதரை நினைத்தால் உள்ளூரப் பெருமை.

மாகாணத் தலைநகரின் சதுக்கத்தில் பறக்கும் பெரிய கொடி இருபத்தாறு வருடமாக அவர்கள் வீட்டுக் கூடத்தில் பிறந்தது. தேசிய நாளுக்கு முன்பு கட்டிலையும் பீரோவையும் நடைக்குத் தள்ளிவிட்டுத் துணியை விரிப்பார்கள். பத்து நாளைக்கு இருவருக்கும் சமையலறையில் நின்றபடியேதான் சாப்பாடு. காற்றில் படபடக்கும் ஓரத்துக்கு நான்கு வரித் தையல். மூன்று வரியை அவள் மெஷினில் ஓட்டுவாள். நான்காவது அவர் கைத்தையல். "ரெண்டு வரி போதாதா?" என்று கல்யாணமான புதிதில் கேட்டுவிட்டாள். ஒரு வாரம் அவர் முகம் கொடுத்துப் பேசவில்லை.

எதிர்க்கடை சைக்கிள் மெக்கானிக் மட்டும் கொடி ஏற்றுவதில்லை. அவனுடைய அண்ணனைக் குற்றமில்லாமல் பிடித்துப்போய் அடித்துப்போட்ட காவல் நிலையத்தின் வாசலில் இதே கொடிதான் பறந்தது. அதற்காகத் தையல்காரர் அவனை விட்டுவைத்தாரா என்ன! தினமும் காலையில் சண்டை.

"அடிச்சவன் போலீஸ்காரன்டா. கொடி என்ன செஞ்சது?"

"அடிக்கும்போது அதுவும் பார்த்துக்கிட்டுத்தானே இருந்துச்சு, அண்ணே."

சண்டை முடிந்ததும் அவளே இருவருக்கும் காபி கொடுப்பாள்.

அந்த வருடம் மாகாண அரசு ஓர் உத்தரவு போட்டது. எல்லாக் கடையிலும் கொடி ஏற்ற வேண்டும். ஏற்றவில்லை என்று யாராவது எழுதிக் கொடுத்தால் அந்தக் கடைக்குச் சீல். அவர் ஓட்டுப் போடும் அந்த ஆளுங்கட்சியின் பகுதிச் செயலாளர் ஒரு தாளோடு வந்து உட்கார்ந்தார்.

"ஐயா, நீங்க நம்ம ஆளு. எதிர்க்கடைக்காரன் கொடியை மதிக்கிறதில்லைன்னு ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க. கொடி தைக்கிறவரே சொல்லிட்டா அப்புறம் பேச்சே இல்ல."

அவள் மெஷினை நிறுத்திவிட்டாள். தையல்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அவன் ஏத்தலைன்னு நான் தினம் திட்டறேன். அது என் உரிமை. ஏத்தாம இருக்கறது அவன் உரிமை. நடுவுல நீங்க யாரு?"

"நாட்டுப்பற்று இல்லாதவனுக்கா பரிஞ்சு பேசறீங்க?"

"பயந்து ஏத்தினா அது கொடியில்ல தம்பி, துணி. துணி விக்கிற கடை அடுத்த தெருவுல இருக்கு."

செயலாளர் எழுந்தார். "அப்போ இந்த வருஷம் சதுக்கத்துக் கொடிக்கு வேற ஆளைப் பார்த்துக்கறோம்."

அவள் மெஷினை விட்டு எழுந்தாள். இந்த மனிதரின் உயிரே அதில்தானே இருக்கிறது! கையெழுத்துப் போட்டுவிடுங்கள் என்று சொல்ல வாய் வரை வந்தது. எதிர்க்கடையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தவனின் குனிந்த முதுகு கண்ணில் பட, சொல்லை அப்படியே விழுங்கினாள். தையல்காரர் தாளை மடித்து, செயலாளரின் சட்டைப் பையில் தானே செருகினார்.

புகார் எழுத ஆளில்லாமல் மெக்கானிக்கின் கடை தப்பியது. தையல்காரர் வீட்டில் கட்டிலும் பீரோவும் இருந்த இடத்திலேயே இருந்தன. இரண்டு மாதம் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. காலைச் சண்டைகூட இல்லை.

தேசிய நாளன்று சதுக்கத்தில் யாரோ தைத்த கொடி ஏறியது. கடைசி வரிசையில் நின்று அவர் விறைப்பாக வணக்கம் வைத்தார்.

"ரெண்டே வரி," என்று மனைவியிடம் முணுமுணுத்தார். "ரெண்டு நாள் தாங்காது."

தாங்கவில்லை. மறுநாள் மதியத்துக்குள் ஓரம் பிரிந்து நார் நாராகத் தொங்கியது. அவர் ஊசிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்ப, அவளும் ஓடினாள். சதுக்கத்துக் காவலாளி குறுக்கே வந்தார்.

"அனுமதி இல்லாம இறக்கக்கூடாது, ஐயா."

"கிழிஞ்சு பறக்கறதுக்கு மட்டும் யார் அனுமதி கொடுத்தது?"

காவலாளி தலையைச் சொறிந்துகொண்டு விலகினார். ஆனால் கம்பத்தின் அடியில் கயிற்றை இறக்கும் கைச்சக்கரம் சிக்கிக்கொண்டு அசையவே இல்லை. அவர்கள் ஓடியதைப் பார்த்து, கையிலிருந்த எண்ணெய்க் குப்பியோடு மெக்கானிக் பின்னாலேயே வந்து நிற்பதை அப்போதுதான் அவள் பார்த்தாள்.

"சக்கரத்துக்குத்தான் எண்ணெய் போடறேன், அண்ணே. கொடிக்குன்னு நினைச்சுடாதீங்க."

"நான் ஒண்ணும் நினைக்கல. போடு."

கொடி இறங்கியது. படிக்கட்டில் மடி நிறைய அதை ஏந்தி உட்கார்ந்தார்கள். அவர் கண்ணுக்கு ஊசித்துளை தெரியாததால் அவளே நூல் கோத்துக் கொடுத்தாள். மெஷின் இல்லை, நான்கு வரியும் கைத்தையல். பொழுது சாயும்வரை ஆயிற்று. வியர்வையோ கண்ணீரோ, அவர் கன்னத்தில் வழிந்ததை அவள் முந்தானையால் துடைத்துவிட்டாள்.

ஏற்றும்போது மெக்கானிக் இரண்டடி தள்ளி நின்றுகொண்டான். தையல்காரர் அவனைக் கூப்பிடவில்லை. தாமே சக்கரத்தைச் சுற்றினார். பாதியில் மூச்சு இரைத்தது. மனைவியும் ஒரு கை கொடுத்தாள். கொடி உச்சிக்குப் போய் நிமிர்ந்தது.

"ஏத்தறது உங்க வேலை, அண்ணே," என்றான் மெக்கானிக். "நாற்காலி வேணும்னா சொல்லுங்க, கொண்டுவரேன்."

இரண்டு மாதத்துக்குப் பிறகு தையல்காரர் சிரித்தார். மெக்கானிக் நிஜமாகவே காவலாளியின் நாற்காலியைத் தூக்கிவந்து போட்டான். அவர் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தார். "நாளைக் காலையில கடையைச் சீக்கிரம் திற," என்றார். "உன்கிட்ட ரெண்டு மாசத்துச் சண்டை பாக்கி இருக்கு."