கோமளா சொன்ன காடு

கணேசமூர்த்தியை நினைத்தாலே எனக்குக் குமட்டிக்கொண்டு வருகிறது. செத்துப்போனவனை இப்படிப் பேசலாமா என்கிறாள் என் மனைவி சிசிலியா. இருந்தபோது மட்டும் என்ன கிழித்தான் என்கிறேன்.

அலோர் காஜாக்காரன். வெள்ளைக்காரன் கம்யூனிஸ்டுகளோடு சண்டை போட்ட அவசரகாலத்தில் போலீஸுக்கு மொழிபெயர்ப்பாளனாக இருந்தான். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, கழுத்தெல்லாம் பவுடர். தோட்டத்து ஆட்களைக் கண்டால் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொள்வான். எதிராளி பாதி பேசும்போதே மீதியை இவனே இங்கிலீஷில் முடித்துவிடுவான். அதைப் போய் ஊரில் திறமை என்றார்கள். தூ!

நான் அப்போது லூபோக் சீனா பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் லாரி ஓட்டினேன். பின்னாலிருந்த மலையில் கம்யூனிஸ்டுகள் பதுங்கியிருக்கிறார்கள் என்று தோட்டத்துக்கு முள்வேலி போட்டிருந்தார்கள். அவர்களுக்கு ஒரு வாய் சோறு கொடுத்தாலும் விசாரணையே இல்லாமல் உள்ளே தள்ளிவிடுவார்கள்.

எங்கள் பேச்சில் ரப்பர் மரம் நிற்கிற இடமெல்லாம் காடுதான். பால் எடுக்கப் பால்மரம் வெட்டப் போனாலும் காடு, புல் வெட்டப் போனாலும் காடு. தோட்டத்தில் தவழுகிற பிள்ளைக்கும் இது தெரியும்.

ஒரு நாள் காலையில் கேட்டில் வெள்ளைக்காரப் போலீஸ் அதிகாரி நின்றான், பக்கத்தில் கணேசமூர்த்தி. என் லாரிக்கு முன்னால் கோமளா வந்தாள். இடுப்பில் பால்குடி மறக்காத பிள்ளை, கையில் போத்தல். அவள் புருஷன் அங்கமுத்து விடியலிலேயே புல் வெட்டப் போயிருந்தான்.

"போத்தல்ல என்னா?" என்றான் கணேசமூர்த்தி.

"பாலு ஊத்தாத வறத்தேத்தண்ணிங்க."

"யாருக்கு?"

"எங்க வூட்டுக்காரருக்குங்க. காட்டுல இருக்காரு."

கணேசமூர்த்தி திரும்பி ஒரே மூச்சில் ஏதோ சொன்னான். அதில் 'ஜங்கிள்' மட்டும் எனக்குப் புரிந்தது. வெள்ளைக்காரன் முகம் மாறிவிட்டது.

"கூட யாரு இருக்கா?"

"நம்ம ஆளுங்கதாங்க, பத்துப் பேரு இருப்பாங்க. மத்தியானம் எல்லாரும்..."

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு!"

மத்தியானம் எல்லாரும் வீட்டுக்கு வந்துவிடுவார்கள் என்று சொல்ல வந்தாள், பாவி மகள். அவன் விட்டால்தானே!

நான் லாரியிலிருந்து குதித்தேன். "சார், அவ சொல்றது ரப்பர் காடு லா! புல்லு வெட்டப் போயிருக்கான்!"

"டிரைவரு, ஒன் வேலையப் பாரு," என்றான். வெள்ளைக்காரனின் துப்பாக்கி என் பக்கம் திரும்பியது. கோமளாவின் இடுப்பிலிருந்த பிள்ளையைப் பிடுங்கி என் கையில் திணித்துவிட்டு அவளை ஜீப்பில் ஏற்றினார்கள்.

மத்தியானமே தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் பெரிய கிராணியையும் அங்கமுத்துவையும் ஏற்றிக்கொண்டு அலோர் காஜாவுக்கு ஓட்டினேன். அங்கமுத்து கையில் மண்வெட்டி அப்படியே இருந்தது. கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை அவனுக்கு. கிராணி பொறுமையாக விளக்கினார். கணேசமூர்த்திக்குப் புரிந்துவிட்டது, முகத்திலேயே தெரிந்தது. அதற்கப்புறம் அந்த வாய் என்ன சொன்னது தெரியுமா?

"நான் தப்பாச் சொல்லிட்டேன்னு தொரைகிட்டப் போய் நிக்கச் சொல்றீங்களா? அப்புறம் எம் பேரு என்னாவறது?"

அங்கமுத்து அவன் காலில் விழுந்தான். பளபளத்த அந்தச் சப்பாத்து ஓரடி பின்னால் நகர்ந்தது.

ஒரு வருஷத்துக்கு மேலாயிற்று கோமளா சிறையிலிருந்து திரும்பி வர. பிள்ளையை அள்ளித் தூக்கப் போனாள். பிள்ளை வீரிட்டுக்கொண்டு அப்பன் காலுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது.

சில மாதம் கழித்து அலோர் காஜாவில் ஒரு கூட்டம். 'எப்படிப் பேச வேண்டும்' என்று இளைஞர்களுக்குச் சொற்பொழிவு. பேச வந்தவன் யார் என்கிறீர்கள்? மாலையும் கழுத்துமாக அந்தக் கணேசமூர்த்திதான். வெட்கங்கெட்டவன்.

"பேசுகிறவர் தெளிவாகப் பேச வேண்டும்," என்றான். "தோட்டத்துப் பெண் ஒருத்தி ரப்பர் தோட்டத்தைக் காடு என்றாள். எவ்வளவு வம்பாகிவிட்டது பாருங்கள்!"

சபை கொல்லென்று சிரித்தது.

"பெத்த புள்ள ஆத்தாள மறந்துபோச்சு, அதையும் சேத்துச் சொல்லுய்யா!" என்று கத்தினேன். நாலு பேர் என்னைப் பிடித்து வெளியே தள்ளினார்கள். வாசலில் நின்று காறித் துப்பிவிட்டு வந்தேன்.

கோமளா மறுபடி வேலைக்கும் போனாள், சமைத்தாள், சிரிக்கக்கூடச் செய்தாள். ஆனால் அங்கமுத்து எங்கே என்று யாராவது கேட்டால் வாயைத் திறக்க மாட்டாள். மரங்கள் இருக்கிற பக்கம் கையை மட்டும் நீட்டுவாள். "அப்பா எங்கம்மா?" என்று அந்தப் பிள்ளை கேட்டாலும் அப்படித்தான்.