ஆம்பளைச் சேனலும் அண்ணியும்

அண்ணியின் வீட்டில் அந்த ரிமோட் இன்னும் இருக்கிறது. பொலித்தீன் பையால் சுற்றி, இரண்டு முனையிலும் ரப்பர் பேண்ட் போட்டு, சாமித் தட்டில் விபூதிக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். அது இயக்க வேண்டிய பெட்டி பழுதாகி எத்தனையோ காலமாகிவிட்டது. உள்ளே பேட்டரியும் இல்லை. மற்ற எண்களெல்லாம் புதுசு போலப் பளிச்சென்று இருக்க, ஐந்து மட்டும் தேய்ந்து அடையாளமே இல்லாமல் போயிருக்கிறது. ஐந்தை மூன்று தடவை அழுத்தினால் வருவதுதான் ஆம்பளைச் சேனல்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த வருடங்களில் எங்கள் தோட்டத்துக்கு டிஷ் வந்தது. இலங்கை மலைநாட்டில், நோர்வூட்டிலிருந்து மேலே ஏறினால் வரும் தேயிலைத் தோட்டம். லயம் என்கிற எங்கள் வரிசை வீடுகளில் இருந்தவர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு டிஷ்ஷும் அதற்கான ரிசீவர் பெட்டி ஒன்றும் வாங்கினோம். எங்கள் காம்பரா லயத்தின் கடைசி வீடு. அந்தப் பக்கம் வானத்தை மறைக்கச் சவுக்கு மரம் இல்லை. அதனால் எங்கள் தகரக் கூரைமேல் டிஷ் ஏறியது, பெட்டி எங்கள் முன் காம்பராவில் உட்கார்ந்தது. அங்கிருந்து கூரைக்கடியில் வயர் இழுத்து வீட்டுக்கு வீடு கொடுத்தார்கள். பெட்டி ஒன்று என்பதால் படமும் ஒன்றுதான். எங்கள் வீட்டில் எது ஓடுகிறதோ அதுதான் லயம் முழுக்க ஓடும். ரிமோட் வைத்திருப்பவர் லயத்துக்கே ராஜா என்று பெரியவர்கள் கேலி பேசினார்கள். அந்த ராஜா என் அண்ணன் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அண்ணனும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

அந்தச் சேனலை ஆண்களுக்கென்றே நடத்தினார்கள். இடையிடையே தாடி வைத்த ஒருவன் திரையில் வந்து, கையைக் கட்டிக்கொண்டு முறைப்பான். குத்துச்சண்டை, கார்ப் பந்தயம், பாலம் கட்டுவது, காட்டில் தனியாக மாட்டிக்கொண்டவன் வண்டைப் பிடித்துத் தின்பது என்று ஓடும். பேசுவது இங்கிலீஷ். எங்கள் ஆண்களுக்கு ஒரு சொல்லும் விளங்காது. ஆனால் விளங்காத குறையே தெரியாமல் ஆளுக்கொரு விளக்கம் சொல்வார்கள். ஒருநாள் ஒருவன் குச்சியைக் கடைந்து நெருப்பு உண்டாக்கிவிட்டு ஏதோ உலகத்தையே ஜெயித்த மாதிரி கையைத் தூக்கினான். ஆண்கள் அசந்துபோய் உட்கார்ந்திருந்தார்கள். அடுப்படியிலிருந்து அண்ணியின் குரல் வந்தது: "அடை மழையில நனைஞ்ச வெறகோட நம்ம அடுப்ப ஒருக்கா மூட்டிக் காட்டச் சொல்லுங்க அந்த வீரன."

அண்ணன் நல்ல மனிதர். இதை எழுதும்போதும் மனதாரச் சொல்கிறேன். ஆனால் மலையில் ஆண்களின் வேலை மதியத்தோடு முடிந்துவிடும். பெண்கள் கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு லயத்துக்குத் திரும்பப் பொழுது சாயும். நடுவில் சும்மா கிடந்த அலுப்பு, பொழுது சாய்ந்ததும் பலரையும் டவுனில் இருக்கும் தவறணைக்கு, சாராயக் கடைக்கு, இழுத்துக்கொண்டு போகும். சம்பள நாளில் கேட்கவே வேண்டாம். ஒரு சம்பள நாளில் அண்ணன், டவுனிலிருந்து திரும்பும் வழியில், ஓயா என்கிற எங்கள் ஆற்றின் கரையில் நினைவில்லாமல் விழுந்து கிடந்தார். தலை கல்லில் இருந்தது, கால் தண்ணீரில் இருந்தது. அதே இடத்தில் பக்கத்து டிவிஷன்காரர் ஒருவரை அதற்கு முந்தைய மழைக்காலத்தில்தான் ஓயா கொண்டுபோயிருந்தது. அண்ணனைத் தூக்கி வந்து போட்டபோது அண்ணி அழவில்லை. ஈரச் சாரத்தை மாற்றிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, விடியும்வரை அவருடைய காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

டிஷ் வந்ததும் பெண்களுக்கு ஒரு நாடகம் கிடைத்தது. மாலையில் அதைப் பார்க்காவிட்டால் சோறு இறங்காது. அண்ணியும் முந்தானையால் மூக்கைத் துடைத்துத் துடைத்துப் பார்ப்பார். அதில் வரும் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, தாலி ஏறுமா ஏறாதா என்று இழுத்துக்கொண்டிருந்த சமயத்தில்தான், திடீரென்று அந்த நேரத்துக்கு ஆம்பளைச் சேனல் வர ஆரம்பித்தது. லயமே கொதித்தது. பொதுப் பீலிக் குழாயில் தண்ணீர் பிடிக்கப் போனால் அண்ணியின் வாளிக்கு யாரும் இடம் விடவில்லை. "புருஷன்கிட்ட ஒரு ரிமோட்ட வாங்கத் துப்பில்ல இவளுக்கு" என்று பக்கத்துக் காம்பரா அக்கா காதுபடவே சொன்னார். அண்ணி எல்லோரும் போனபிறகு கடைசி ஆளாகப் பிடித்துக்கொண்டு வந்தார்.

எனக்கு விஷயம் தெரியும். நான் அப்போது தோட்டத்துப் பாலர் பள்ளியில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். அண்ணிக்கு முன்பே வீட்டுக்கு வந்துவிடுவேன். மலையிலிருந்து வந்ததும், மழைக்கும் முள்ளுக்கும் இடுப்பில் கட்டிய படங்குத் துணியைக்கூட அவிழ்க்காமல், அவர் முதலில் தொடுவது ரிமோட்டைத்தான். ஐந்து, ஐந்து, ஐந்து. அதற்குப் பிறகுதான் அடுப்படி. அண்ணன் வந்து பார்க்கும்போது அவருக்குப் பிடித்தது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும்.

"அண்ணி, நாடகத்த நீங்களே நிறுத்திட்டு ஏன் இந்தப் பேச்சுக் கேக்கணும்? நாந்தான் மாத்துறேன்னு சொல்லவாச்சும் செய்யலாமே?"

"சொன்னா உங்க அண்ணன் காதுக்குப் போகும் பாப்பா. பொண்டாட்டி கட்டிப் போட்டிருக்கான்னு தெரிஞ்சா ஒரு ஆம்பள உக்காருவானா? தானா உக்காந்ததா இருக்கட்டும்."

"நாடகம்?"

"அதுல அழுதா மூஞ்சியக் கழுவிட்டுப் படுத்துரலாம். ஓயால போனா எங்க போயித் தேடுவேன்?"

அந்த மாதச் சம்பள நாளுக்கு முந்தின வாரம் முழுக்க அந்தச் சேனலில் ஒரு பழைய லொறியைப் பிரித்துப் பூட்டிக்கொண்டிருந்தார்கள். துருப்பிடித்த ஓட்டைச் சாமான். எஞ்சின் ஸ்டார்ட் எடுக்குமா எடுக்காதா என்று, காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் ஆண்களுக்குள் பெரிய தர்க்கமே நடந்தது. கடைசிப் பகுதி சம்பள நாள் மாலையில் வந்தது. டவுனுக்குப் போகும் கடைசி பஸ்ஸும் அந்த நேரத்தில்தான் எங்கள் ரோட்டைக் கடக்கும். சம்பளத்தை மடியில் கட்டிக்கொண்டு ஆண்கள் எங்கள் காம்பராவில் கூடினார்கள். "லொறியப் பாத்துட்டு ஓடுனா பஸ்ஸப் புடிச்சிரலாம்" என்றார் அண்ணன்.

பாதியில் காற்றோடு மழை பிடித்தது. படம் கட்டம் கட்டமாக உடைந்து, திரை கறுத்துப் போயிற்று. எல்லோரும் கொஞ்ச நேரம் பார்த்தார்கள். பிறகு ஒருவர் குடையை எடுத்தார், ஒருவர் செருப்பைத் தேடினார். அண்ணன் சட்டையை மாட்டினார். நான் அண்ணியைத் திரும்பிப் பார்த்தேன். அவர் அங்கே இல்லை. வெளியே ஓடினேன். ஏணி சுவரில் சாய்ந்திருந்தது. படங்கைத் தலையில் போட்டுக்கொண்டு அண்ணி கூரைமேல் நின்றார். ஆண்கள் உட்கார்ந்திருக்கும் வீட்டுக்கு மேலே பொம்பளை ஏறுவதை எங்கள் லயத்தில் யாரும் கண்டதில்லை. காற்று திருப்பிவிட்ட டிஷ்ஷை இரண்டு கையாலும் பிடித்து மெல்ல மெல்லத் திருப்பினார். "வந்துருச்சா?" என்று கத்தினார். வாசல் வழியே திரையைப் பார்த்து, "இல்ல!" என்றேன். "இப்ப?" "வந்துருச்சு அண்ணி, விட்றாதீங்க!" அவர் விடவில்லை. கையை எடுத்தால் காற்று மறுபடி திருப்பிவிடும் என்று அப்படியே நின்றார். கீழே ரோட்டில் பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. காம்பராவுக்குள் யாரும் அசையவில்லை. கொஞ்ச நேரத்தில் லொறி உறுமிக் கிளம்பியது. உள்ளே விசிலும் கைதட்டலும் கேட்டது.

அண்ணன் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார். வந்தவர் அண்ணாந்து பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"ஆம்பள பாக்குற சேனலுக்கு நீ ஏன்டி நனையிற?"

"லொறி கிளம்பிருச்சாங்க?"

"கிளம்பிருச்சு."

"பஸ்ஸு?"

அண்ணன் ரோட்டைப் பார்த்தார். பிறகு அண்ணியைப் பார்த்தார். அவர் முகத்தில் அப்போது வந்ததை எனக்கு எழுதத் தெரியவில்லை. ஏணியை இறுகப் பிடித்துக்கொண்டு, "பாத்து எறங்கு" என்று மட்டும் சொன்னார். அன்று அடுப்பை மூட்டித் தேத்தண்ணி வைத்தது அண்ணன்தான். ஈர விறகு எரியாமல் காம்பரா முழுக்கப் புகை.

மறுநாள் பீலியில் பக்கத்துக் காம்பரா அக்கா தன் வாளியை இழுத்துக்கொண்டு அண்ணியின் வாளிக்கு இடம் விட்டார். அவர் வீட்டுக்காரரும் முதல்நாள் எங்கள் காம்பராவில்தான் இருந்தார். அதற்குமேல் லயத்தில் யாரும் நாடகம் கேட்கவில்லை.

அண்ணன் அத்தோடு குடியை விட்டுவிட்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான். விடவில்லை, குறைந்தது. ஓயாப் பக்கம் மட்டும் அதற்குப் பிறகு போனதில்லை. இப்போது வீட்டுக்கு வீடு டிஷ், ஆளுக்கொரு போன். ஆம்பளைச் சேனலையே நிறுத்திவிட்டார்களாம். நான் ஆசிரியர் பயிற்சிக்குப் போய், ஹட்டனிலேயே குடும்பமாகிவிட்டேன்.

போன மாதம் போயிருந்தபோது, சாமித் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்த அண்ணி ரிமோட்டைக் கையில் எடுத்தவர், ஏதோ நினைத்துக்கொண்டு கேட்டார்: "ஏன் பாப்பா, அந்தப் புள்ளைக்குக் கடைசியில கல்யாணம் நடந்துச்சா?"

எந்தப் பிள்ளை என்று எனக்குச் சட்டென்று பிடிபடவில்லை. பிறகு விளங்கியது. பயிற்சி விடுதியில் அந்த நாடகத்தின் கடைசிவரை நான் பார்த்திருந்தேன். இத்தனை வருடத்தில் அண்ணிக்கு அதைச் சொல்ல வேண்டுமென்று எனக்குத் தோன்றவேயில்லை. அவரும் யாரையும் கேட்கவில்லை.

"உக்காருங்க அண்ணி, மொதல்ல இருந்து சொல்றேன்" என்றேன். கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் எழுந்து போய் டிவியை நிறுத்திவிட்டு வந்தார். அண்ணிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"சொல்லு பாப்பா, நானும் கேக்குறேன்" என்றார்.