விசைகளின் மேல் என் விரல்கள்

என் மனைவியின் வேலை போனதற்குப் பக்கவாதம் காரணமல்ல. நான்தான் காரணம்.

சிங்கப்பூர் நிறுவனம் ஒன்றுக்கு அவள் மலேசியாவில், ஸ்கூடாயில் எங்கள் வீட்டிலிருந்தபடியே மொழிபெயர்த்துக் கொடுத்தாள். கட்டுமானத் தளங்களில் தொழிலாளர்களுக்காக ஒட்டும் பாதுகாப்பு அறிவிப்புகள். நான் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியராக இருந்தவன். ஓய்வு பெற்றபின் அவள் எழுதுவதை எட்டிப் பார்த்துத் திருத்தம் சொல்லப் போனேன். "இந்த மேசைப் பக்கம் வராதீங்க. இது உங்க ஸ்கூல் இல்ல" என்றாள். அது எனக்குள் புழுங்கிக்கொண்டே கிடந்தது.

பிறகு பக்கவாதம் வந்து அவள் வலக்கை விழுந்தது. இடக்கை விரல்கள் முன்பே மூட்டுவாதத்தில் மடங்கியவை. முஷ்டியால் எதையாவது அழுத்தலாம், அவ்வளவுதான். பேச்சு மட்டும் பழுதாகவில்லை. நிறுவனம் அவளுக்காகக் காத்திருந்தது. பேசப் பேசத் தட்டச்சு செய்து, வாயால் சொல்லும் கட்டளைகளையும் நிறைவேற்றும் மென்பொருளையும், பெரிய பட்டன் வைத்த ஜாய்ஸ்டிக் ஒன்றையும் வாங்கினோம். பட்டனை அழுத்தியிருக்கும்வரை கணினி கேட்கும். விட்டால் கேட்பதை நிறுத்திவிடும்.

செட்டிங்ஸை அமைத்தவன் நான். ஜாய்ஸ்டிக் என்ற வரிக்கு எதிரே இருந்த டிக்கை எடுத்துவிட்டேன். அதற்குப் பதிலாக விசைப்பலகையில் மூன்று விசைகளைச் சேர்த்துப் பிடித்தால்தான் கணினி கேட்கும்படி வைத்தேன். அதற்கு இரண்டு நல்ல கைகள் வேண்டும்.

"ஜாய்ஸ்டிக் இதுல வேலை செய்யல. நான்தான் பிடிக்கணும்" என்றேன்.

அன்றிலிருந்து அவள் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் என்னைக் கூப்பிட வேண்டியிருந்தது. நான் நாளிதழை மடித்து வைத்துவிட்டு மெதுவாகத்தான் போவேன். பக்கத்தில் நின்று விசைகளைப் பிடிப்பேன். அவள் சொல்வது எனக்குப் பிடிக்காவிட்டால் விரலை எடுத்துவிடுவேன். வாக்கியம் பாதியில் நின்றுவிடும்.

"ஹெல்மெட் போடாம சாரத்துல ஏறாதீங்க…"

எடுத்தேன்.

"இப்ப என்ன?"

"தலைக்கவசம்னு சொல்லு."

"அலமாக்! நேத்து ஊர்லேர்ந்து வந்து இறங்கினவன் படிக்கணும். அவன் என்ன உங்ககிட்ட பரீட்சையா எழுதப் போறான்? பிடிங்க."

"சரியாச் சொன்னா பிடிக்கிறேன்."

"நீங்க என் புருஷனா, சுவிட்சா?"

காலையில் முடிய வேண்டிய அறிவிப்பு மாலைவரை இழுத்தது. நிறுவனம் தவணை கொடுத்துப் பார்த்தது. அவளுக்கு என்மேல் சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஒருநாள் நான் விசைகளைப் பிடித்திருந்தபோது, அறிவிப்பைச் சொல்லாமல், "ஓப்பன் செட்டிங்ஸ்" என்றாள்.

திரையில் அந்தப் பக்கம் திறந்தது. ஜாய்ஸ்டிக் வரியும் டிக் இல்லாத அந்தக் கட்டமும் அவள் கண்ணுக்கு நேரே இருந்தன. வாசித்தாள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"விரல எடுத்துறாதீங்க" என்றாள். அப்படியொரு தாழ்ந்த குரலில் அவள் என்னிடம் பேசி நான் கேட்டதே இல்லை. இன்னும் ஒரே ஒரு கட்டளை போதும். டிக் விழுந்துவிடும். அப்புறம் அந்த மேசையில் எனக்கு வேலை இல்லை.

அவள் வாயைத் திறந்தாள். நான் விரலை எடுத்தேன்.

அவள் சொன்னது கணினிக்குப் போகவில்லை. மறுபடி சொல்லவும் இல்லை. கொஞ்ச நேரத்தில் தொலைபேசி அடித்தது. இடக்கை முஷ்டியால் ஸ்பீக்கரை அழுத்தினாள். நிறுவனத்துப் பெண்.

"அக்கா, இன்னிக்காச்சும் வருமா? சைட்ல காத்துட்டு இருக்காங்க."

"வராதும்மா. நான் நிறுத்திக்கிறேன். வேற ஆளப் பாருங்க."

"ஐயோ, கை இன்னும் சரியாகலையாக்கா?"

"கை இல்லம்மா. என் வீட்டுக்காரர்."

நான் அங்கேயேதான் நின்றிருந்தேன்.

மறுநாள் டிக்கைப் போட்டேன். வைத்த தேநீர் ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. ஜாய்ஸ்டிக்கை அவள் கைக்கு எட்டும்படி வைத்து, நானே அழுத்திப் பேசிக் காட்டினேன். "மன்னிச்சிரு" என்று நான் சொன்னது திரையில் எழுத்தாக வந்து நின்றது.

அவள் அதை வாசித்தாள். "நல்லா வேலை செய்யுதே" என்றாள். "இனிமே யாருக்கு எழுதுறது?"