எடுக்காமல் விட்ட கர்ப்பப்பை

முதலில் வந்தது சாதாரண நீர்க்கடுப்புதான். கோவில்பட்டியிலிருந்து கழுகுமலைக்குப் பக்கத்தில் உள்ள ஒரு பள்ளிக்கூடத்துக்கு தினமும் பஸ்ஸில் போய்வரும் டீச்சர் நான். அங்கே கழிப்பறைக்குப் போக மனம் வராமல் சாயங்காலம்வரை தண்ணீரே குடிக்க மாட்டேன். அந்தக் கோடையில் கடுப்பு வந்தது, மாத்திரை சாப்பிட்டேன். கிருமி போய்விட்டது என்று பரிசோதனையில் தெரிந்தது. வலி மட்டும் போகவில்லை.

அடிவயிற்றுக்கும் கீழே, இடுப்பெலும்புக்கு உள்ளே எங்கோ எரிந்தது. உட்கார்ந்தால் கூடும். பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றே போவேன்.

"டீச்சர், சீட்டு காலியாத்தான கெடக்கு? உக்காருங்க" என்பார் கண்டக்டர்.

"இருக்கட்டும்ண்ணே, இங்கனயே நிக்கேன்."

என் சித்தி கர்ப்பப்பைப் புற்றுநோயில் இறந்தவள். அவளும் முதலில் இடுப்பு வலிக்கிறது என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே அந்த நினைப்பு வந்துவிடும். எழுதிக்கொண்டிருந்த வரி பாதியில் நிற்கும், பிள்ளைகள் என் முகத்தைப் பார்ப்பார்கள். ஸ்கேன் எடுத்தோம், ஒன்றுமில்லை என்றார்கள். மதுரைக்குப் போய் இன்னொன்று எடுத்தோம், அதிலும் ஒன்றுமில்லை. ஒவ்வொரு 'ஒன்றுமில்லை'க்கும் என் பயம் கூடியது. கண்ணில் படாத இடத்தில் அது ஒளிந்திருக்கிறது என்றே நம்பினேன்.

அக்காதான் வழி சொன்னாள். "கர்ப்பப்பைய எடுத்துப் போட்ருட்டி. நான் எடுத்துட்டு நல்லாத்தான இருக்கேன்? உனக்குத்தான் ரெண்டு பிள்ளை ஆயாச்சே, அதை இனி வச்சிக்கிட்டு என்ன செய்யப் போற?"

எனக்கும் அது விடுதலையாகத் தோன்றியது. ஊரிலேயே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். பள்ளியில் லீவு சொல்லிவிட்டேன். ஆபரேஷனுக்கு முன் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மாவைப் பார்க்கச் சொன்னார்கள். நாள்பட்ட வலிக்கு வைத்தியம் பார்ப்பவரும் அவர்தான் என்பது எனக்குத் தெரியாது.

அவர் ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு, வலி எப்போது கூடுகிறது, எப்போது குறைகிறது என்று கேட்டார். அதுவரை யாரும் கேட்காத கேள்வி. யோசித்துப் பார்த்தால், ஸ்கேன் முடிவு வரும் நாட்களில் எழுந்து நிற்கக்கூட முடிந்ததில்லை. கொழுந்தன் கல்யாணத்தன்று பந்தியில் ஓடியாடிப் பரிமாறியபோது வலி இருந்ததா என்றே ஞாபகமில்லை.

பிறகு படுக்கச் சொல்லி, அடிவயிற்றின் ஓரத்தில் எதையோ வைத்து மெல்லத் தொட்டார். சுள்ளென்றது. அம்மா என்று கத்திவிட்டேன். அவர் கையை நீட்டிக் காட்டினார்.

"வெறும் பஞ்சுதாம்மா."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. "அப்ப எல்லாம் என் கற்பனைன்னு சொல்லுதீங்களா?"

"இல்லவே இல்ல. வலி நெசம். கிருமி இருந்தப்ப நரம்பு கத்துச்சு, அது சரிதான். கிருமி போன பொறவும் நரம்பும் முதுகுத்தண்டும் மூளையும் அதே உஷார்லயே நிக்குது. பஞ்சு பட்டாலும் காயம்னு சொல்லுது. நீங்க பயந்துபோய் இடுப்புக்கு அடியில உள்ள தசைய இறுக்கிப் பிடிக்கீங்க. இறுகுன தசை வலிக்குது, அதுல பயம் இன்னும் கூடுது. கர்ப்பப்பைய எடுத்தாலும் இந்த வலி நின்னுரும்னு என்னால சொல்ல முடியாது."

ஆபரேஷன் செய்யவிருந்த டாக்டரிடமும் அவரே பேசினார். கொஞ்ச காலம் தள்ளிப்போடலாம் என்றார்கள்.

வெளியே வந்து வேப்பமர நிழலில் நின்றோம். கூட வந்திருந்த என் வீட்டுக்காரரிடம் கேட்டேன், "இந்தம்மா சொல்லுதது தப்பா இருந்தா? சித்தி மாதிரி நானும்..."

"நீ என்ன முடிவெடுத்தாலும் சரிதான்" என்றார். வேண்டாம் என்றோ செய்துகொள் என்றோ அவர் சொல்லியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

ஆபரேஷன் வேண்டாம் என்று முடிவெடுத்தேன். அக்கா கோபித்துக்கொண்டு போனை வைத்தாள். நரம்பு வலிக்கு டாக்டரம்மா எழுதிக் கொடுத்தது மனச்சோர்வுக்கும் கொடுக்கிற மாத்திரை என்று தெரிந்ததும் அதையும் பயந்து பயந்துதான் விழுங்கினேன். மூச்சை வெளியே விடும்போது இடுப்பின் அடித்தசையைத் தளரவிட ஆஸ்பத்திரியில் பழக்கினார்கள். நாள் முழுக்க அதை இறுக்கியே வைத்திருந்தேன் என்பது தளர்ந்தபோதுதான் தெரிந்தது. பஸ்ஸில் முதலில் ஒரு நிறுத்தம்வரை உட்கார்ந்தேன், பிறகு இன்னொன்று. கரிசலில் உளுந்து விதைத்து அறுத்து முடிக்கும்வரைக்கும் பெரிதாக எதுவும் மாறவில்லை. அப்புறம்தான் வலியில்லாத காலைகள் வர ஆரம்பித்தன. நடுவில் ஒருமுறை பயம் தாங்காமல் யாருக்கும் சொல்லாமல் போய் ஸ்கேன் எடுத்தேன். அதிலும் ஒன்றுமில்லை.

போன வாரம் மறுபடி எரிந்தது. சோறு பொங்கிக்கொண்டிருந்தேன், கை தானாக வயிற்றுக்குப் போனது. "ஆஸ்பத்திரிக்குப் போவமா?" என்றார் வீட்டுக்காரர்.

"கொஞ்சம் பொறுத்துப் பாப்போம்."

அடுப்புத் திண்டில் சாய்ந்து மெதுவாக மூச்சை விட்டேன். கஞ்சியை வடிக்கும்போது எரிச்சல் பாதியாகக் குறைந்திருந்தது. மீதிப் பாதியோடு உட்கார்ந்து சாப்பிட்டேன்.