வலது பொட்டில் ஒரு மாத்திரை

அழுகை வந்தால் எழில்மொழி டிபன் பாக்ஸைக் கழுவப் போய்விடுவாள். அன்று ஆராய்ச்சிக்கூடத்துக் குழாயடியில் கழுவியதையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள்.

திருத்துறைப்பூண்டிப் பக்கம் கூலிக்காரக் குடும்பம். அம்மா காத்தாயி நடவு நட்டுப் படிக்கவைத்தாள். தஞ்சாவூரில் ஒரு தனியார் மருத்துவக் கல்லூரியில் ஆராய்ச்சி உதவியாளர் வேலை. நாற்பது தாண்டி முனைவர் பட்டத்துக்கும் பதிந்திருந்தாள். மருந்தடித்த வயலில் களை பறிக்கும் பெண்களுக்குக் கை நடுங்குகிறதே, மூளையில் ஏதாவது தெரிகிறதா என்பதுதான் ஆய்வு. சொந்த ஊர்ப் பெண்களை வேன் வைத்து அழைத்து வந்து ஸ்கேன் எடுத்தாள். தெரியத்தான் செய்தது. மூளையின் ஒரு பக்கத்தில் மட்டும் சின்னச் சுருக்கம்.

ஒவ்வொரு மண்டையும் ஒவ்வொரு அளவு. எல்லா மூளையையும் ஒரு பொது அச்சுக்குள் பொருத்தி ஒப்பிட ஒரு மென்பொருள் உண்டு. அதில் புதிய பதிப்பு போட்டார்கள். சுருக்கத்தைக் காணோம்.

வாரக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டு காரணம் கண்டுபிடித்தாள். பழைய பதிப்பு படத்தைத் திறக்கும்போதே இடம் வலம் மாற்றிவிடும்; புதியது மாற்றாது. படங்களைப் புதிய பதிப்புக்குக் கொண்டுபோகும்போது பாதியைப் பழையதில் திறந்து சேமித்திருந்தாள், மீதியை அப்படியே போட்டுவிட்டாள். ஒன்றில் இடப்பக்கம் இருந்த சுருக்கம் இன்னொன்றில் வலப்பக்கமாகி, சேர்த்துப் பார்க்கையில் கரைந்துபோயிருந்தது. எது எந்தப் பாதி? மூலப் படங்களை ஸ்கேன் மையம் கம்ப்யூட்டரில் இடமில்லை என்று எப்போதோ அழித்துவிட்டது.

ஆனால் ஸ்கேன் எடுக்குமுன் ஒவ்வொருத்திக்கும் வலது நெற்றிப்பொட்டில் ஒரு மீன் எண்ணெய் மாத்திரை ஒட்டியிருந்தது. படத்தில் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். புள்ளி இடப்பக்கம் இருந்தால் படம் புரண்டிருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்த்துத் திருத்தி ஓட்டினாள். அப்போதும் சுருக்கம் இல்லை.

மாத்திரை ஒட்டியது துணைக்கு வந்திருந்த அம்மா. எழில்மொழி அவளுக்குப் போன் போட்டாள்.

"ஏம்மா, ஸ்கேனுக்கு மாத்திரை ஒட்டுனியே, வலது பக்கம்தானே ஒட்டுன?"

"மொதல்ல வலதுதான். ஸ்கேனுக்கு வந்த செந்தாமரைதான் சண்டைக்கு வந்தா. 'ஆம்பளைக்குத்தாண்டி வலது, பொம்பளைக்கு இடது. கண்ணு துடிச்சாக்கூட அப்படித்தான பாப்போம்? இதுகூடத் தெரியாம என்னத்தப் பொண்ணப் பெத்த'ன்னா. சரின்னு மாத்தி ஒட்டுனேன்."

"எல்லாருக்குமா?"

"கேட்டவளுவளுக்கு மட்டும்."

"யார் யாரு கேட்டா?"

"அது எப்படிடி நெனப்பிருக்கும்? உள்ள போகப் பயந்து எல்லாவளும் அழுதுகிட்டு நின்னாளுவ."

எழில்மொழியால் திட்ட முடியவில்லை. 'வலது பொட்டுல ஒட்டு' என்றுதான் சொல்லியிருந்தாள், எதற்கென்று சொன்னதில்லை.

வழிகாட்டி சாரங்கபாணி கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "இத வச்சி இனிமே ஒண்ணும் சொல்ல முடியாதும்மா."

"மறுபடி ஸ்கேன் எடுத்தா, சார்?"

"பிராஜக்ட்டே முடிஞ்சிபோச்சே. விட்டுடுங்க."

அதன்பிறகுதான் குழாயடி. ஈரக்கையோடு நிற்கையில் அம்மாவின் போன் வந்தது.

"செந்தாமரை பக்கத்துலதான் நிக்கிறா. டம்ளரப் புடிக்க முடியல அவளால. மூளையில என்ன இருக்குன்னு கேக்குறா. என்ன சொல்லட்டும்?"

"எதுவும் சொல்ல முடியாதும்மா. படமெல்லாம் கலந்துபோச்சு."

"மாத்திரையாலயா?" என்று அம்மா மெதுவாகக் கேட்டாள். பதிலுக்கு நிற்காமல் போனை விலக்கி, தேற்றுகிற குரலில் சொல்வது கேட்டது: "பயப்படும்படியா ஒண்ணும் இல்லையாம்டி."

"நான்தான் அப்பவே சொன்னேன்ல, ஒண்ணும் இருக்காதுன்னு?" செந்தாமரையின் குரலில் தெம்பு வந்திருந்தது. "அப்ப நாளைக்குக் களைக்கு வந்துர்றேன். நேத்துதான் மருந்தடிச்சிருக்கான், மூக்கக் கட்டிக்கிட்டுப் போவோம்."

"அம்மா, அவகிட்ட போனக் குடு" என்றாள் எழில்மொழி. அதற்குள் வைத்துவிட்டார்கள்.