பிரிஜெட் மிஸ் தூக்கிப் பார்த்த கிழங்கு

ஆஸ்டின் டவுனிலிருந்து தினமும் பஸ் பிடித்துப் போய், ஒரு கல்லூரியில் ஆப்பிரிக்க இலக்கியம் நடத்திக்கொண்டிருந்தார் பிரிஜெட். பதினோரு வருடம். ஆப்பிரிக்காவை அவர் பார்த்ததில்லை. தூரமாகப் போனதே வேளாங்கண்ணி வரைதான். ஆனால் பாடத்திலிருந்த நைஜீரிய நாவல் அவருக்குத் தலைகீழ்ப் பாடம்.

அதில் ஒரு சண்டை வரும். மனைவி கோபத்தில் யாம் கிழங்கை எடுத்துக் கணவன்மேல் வீசுவாள். அவன் பத்து நாள் பாயில் கிடப்பான். யாம் என்றால் சர்க்கரைவள்ளி மாதிரி என்று பிரிஜெட் சொல்லிவைத்திருந்தார். "நடிக்கிறான், பாருங்க" என்று அவனைப் போலவே முனகிக் காட்டுவார். வகுப்பு உருண்டு சிரிக்கும். 'கணவனின் பாசாங்கை விளக்குக' என்று இரண்டு தேர்வில் கேள்வியும் கேட்டிருக்கிறார்.

இந்த வருடம் இகென்னா வந்து சேர்ந்தான். லாகோஸிலிருந்து வணிகவியல் படிக்க வந்தவன். வேறு துறைப் பாடம் ஒன்று எடுத்தே ஆகவேண்டும் என்பதால் இங்கே உட்கார்ந்திருந்தான். எல்லாரும் சிரித்தபோது அவன் மட்டும் விழித்தான்.

"மேடம், இதுல சிரிக்க என்ன இருக்கு?" என்று ஆங்கிலத்தில் கேட்டான்.

மறுநாள், ஆப்பிரிக்கச் சாமான் விற்கும் கம்மனஹள்ளிக் கடையொன்றில் வாங்கிய யாமைத் தோளில் சுமந்து வந்து மேசைமேல் வைத்தான். மேசை அதிர்ந்தது. மண் ஒட்டிய மரக்கட்டை போலிருந்தது அது. பிரிஜெட் இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தார். நாலு கிலோவுக்குக் குறையாது.

முன்வரிசைத் தாரணிதான் வாயைத் திறந்தாள். "மிஸ், அந்த ஆள் பொழைச்சதே பெரிசு."

பிரிஜெட்டுக்குக் காது சுட்டது. பிறகு அவரே சிரித்துவிட்டார். "தப்பு என்னுதுதான்பா. நோட்ஸ்ல எழுதினத அடிச்சிடுங்க. திரும்பப் படிக்கலாம்."

அடிபட்டவனுக்கு அந்த மனைவி பத்து நாளும் கஞ்சி ஊட்டுகிற பக்கங்களை இதுவரை அவர் வேகமாகத் தாண்டியிருந்தார். அன்று அந்தப் பக்கங்களிலேயே மணி அடித்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.

கிழங்கு ஆட்டோவில் வீட்டுக்கு வந்தது.

"என்ன பிரிஜெட், வெறகு வாங்கினு வந்திருக்க?" என்றார் கணவர் கிளிஃபர்ட். விஷயத்தைக் கேட்டதும் அதை எடுத்து, மனைவியின் கைக்கு எட்டாத பரணில் வைத்துவிட்டார். கெஞ்சித்தான் இறக்க வேண்டியிருந்தது.

அதை வில்லை வில்லையாக நறுக்கி, மிளகாய்ப்பொடி தூவி வறுத்து, மறுநாள் வகுப்புக்குக் கொண்டுபோனார். இகென்னா ஒன்றை மென்று பார்த்தான்.

"உப்பு கம்மி, மேடம்" என்றான். சொல்லிவிட்டு, இன்னும் நாலு வில்லை எடுத்துக்கொண்டான்.